காற்று நாளின் விளக்கு

புயல் என்பது கடற்கரையில் உள்ளவர்களுக்கு நேரும் துன்பம், அதைப் பற்றிச் செய்தித்தாளில் படித்து அனுதாபப்படுவதோடு நம் கடமை முடிந்தது என்று எண்ணுவது சேலம், நாமக்கல் சமவெளி ஜனங்களின் நெடுநாளைய வழக்கம். அந்த எண்ணத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நாமக்கல்லிலிருந்து கிழக்குக் கடல் நேர்கோட்டில் ஏறக்குறைய 180 கிலோமீட்டர் தூரம். நடுவே கொல்லிமலையும் பச்சைமலையும் மறித்து நிற்கின்றன. கடலில் கிளம்பும் காற்று இங்கே வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் வேகம் அடங்கி வெறும் மழையாகக் கரைந்துவிடுகிறது. ஆயினும் இந்தச் சமவெளிக்கென்று பிரத்தியேகமாக ஒரு காற்று உண்டு. சித்திரை, வைகாசி மாதங்களில், வெயில் உச்சத்தில் நின்ற ஒரு நாளின் பிற்பகலில், வானத்தின் ஒரு கோடியில் கருக்கல் கட்டி, புழுதியை வாரி இறைத்துக்கொண்டு வருகிற அந்தச் சூறை, மோகனூரிலும் பரமத்திவேலூரிலும் காவிரிப் பாசனத்தில் குலை தள்ளி நிற்கும் வாழைத் தோட்டங்களை அரை நாழிகைக்குள் படுக்கவைத்துவிட்டு, நாலு இடியும் ஒரு பாட்டம் மழையுமாகப் போய்விடும். ‘காத்து மழை’ என்று நம்மவர்கள் சொல்லும் அதற்குப் புயல் என்ற பெயரை யாரும் கொடுத்ததில்லை; ஆனால் கூரையைப் பிரிப்பதிலும், மரத்தை முறிப்பதிலும், இக்காலத்தில் மின்கம்பியை அறுத்து ஊரை இருட்டில் ஆழ்த்துவதிலும் அது புயலுக்கு இளைத்ததன்று.

அந்த இருட்டிலே வீட்டில் உள்ளவர்கள் எப்படிப் பத்திரமாக இருந்தார்கள் என்பதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. அரசர்களும் யுத்தங்களும் இல்லாத சரித்திரமாகையால் அதை யாரும் கோவையாக எழுதிவைக்கவில்லை. வீட்டுச் சுவரிலும், விளக்கின் அமைப்பிலும், கிழவிகளின் எச்சரிக்கைகளிலும் அது சிதறிக் கிடக்கிறது. அதைச் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: முன்காலத்தில் காற்று நாளின் அபாயம் விளக்கில் இருந்தது, இன்று அது கம்பிக்கு மாறிவிட்டது, விளக்கோடு ஜாக்கிரதையாகப் பழக நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் கற்றிருந்தார்கள், கம்பியோடு பழகும் வித்தை நமக்கு இன்னும் படியவில்லை.

மின்சாரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் முந்திய நாளில் இந்தப் பிரதேசத்து வீடுகளில் எரிந்தது பெரும்பாலும் ஆமணக்கெண்ணெய். மானாவாரிக் காடுகளில் நிலக்கடலையோடும் சோளத்தோடும் ஊடுபயிராக வளர்ந்த ஆமணக்கின் விதையை, கொட்டமுத்து என்று கொங்கு நாட்டார் வழங்குவதை, வறுத்து இடித்துக் கொதிக்கவைத்து வீட்டிலேயே எண்ணெய் இறக்குவார்கள். கெட்டியான எண்ணெயாகையால் அது நிதானமாக எரியும். தப்பித் தவறிக் கவிழ்ந்தாலும் குபீரென்று பற்றாது. மண் அகலில் ஒரு பஞ்சுத் திரியும், அகலை வைப்பதற்குச் சுவரிலே ஒரு மாடக்குழியும் இருந்தால் ஒரு வீட்டின் இரவுக்குப் போதும். அந்த மாடக்குழியை வெறும் அலங்காரம் என்று எண்ணிவிடக் கூடாது. கனத்த மண்சுவரைக் குடைந்து, மேற்புறம் வளைவாகவும் முன்புறம் தவிர மற்றப் பக்கங்கள் அடைப்பாகவும் அமைக்கப்பட்ட அது, காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் சுடரைக் காத்தது. சுடர் நீண்டாலும் கூரைக்கு எட்டாமல் தடுத்தது. தவழும் குழந்தையின் கைக்கும் பறந்து அடைய வரும் கோழியின் சிறகுக்கும் எட்டாத உயரத்தில் நெருப்பை நிறுத்தியது. பனையோலையும் தென்னங்கீற்றும் வேய்ந்த வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்ற ஊர்களில், தீயணைப்பு நிலையம் என்ற ஸ்தாபனமே இல்லாத காலத்தில், இந்தச் சிறிய குழி செய்த காவல் அற்பமானதன்று.

காற்று நாளுக்கென்று சில கிரமங்களும் இருந்தன. கருக்கல் கண்டவுடன் அடுப்பில் எரியும் விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அவிப்பார்கள்; மிச்சத் தணலைச் சாம்பலால் மூடுவார்கள்; வாசலில் காயும் தானியத்தை அள்ளுவதற்கு முன்னால் மரத்தடியில் கட்டியிருக்கும் மாட்டை அவிழ்த்துக் கட்டுத்தறிக்குக் கொண்டுவருவார்கள். இடி இடித்தால் ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்று சொல்லச் சொல்லிப் பாட்டிமார்கள் பிள்ளைகளை நடு வீட்டில் உட்காரவைப்பார்கள். அர்ச்சுனன் நாமம் இடியைத் தடுத்ததோ என்னவோ, அதை ஜபித்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்த பிள்ளை புளியமரத்தடிக்கு ஓடவில்லை என்பது நிச்சயம். வாசலில் கடப்பாரையையோ அரிவாளையோ எறியும் வழக்கம் மட்டும் பிரயோஜனமற்றது. அதை எறிவதற்காக இடியின் நடுவே வாசலுக்குப் போவதுதான் அதில் உள்ள அபாயம். இரும்பால் இடியைத் தாங்க வேண்டுமானால் அது கட்டிடத்தின் உச்சியில் நின்று பூமியோடு தொடர்பு கொண்டிருக்க வேண்டும் என்பதை அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் 18ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே கண்டு சொல்லிவிட்டார். இவ்வளவு காலத்துக்குப் பின்னும் இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மின்னல் தாக்கி இறக்கிறார்கள்; அவர்களில் மிகப் பலர் வயலில் நின்றவர்கள் அல்லது மரத்தடியில் ஒதுங்கியவர்கள்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்ணெண்ணெய் வந்து சேர்ந்தது. நம் பக்கத்தில் சீமெண்ணெய் என்றே அதற்குப் பெயர். முதலில் அமெரிக்காவிலிருந்தும், பிறகு ருஷ்யாவின் பாகுவிலிருந்தும், அதன்பின் பர்மாவிலிருந்தும் கப்பலேறி வந்த அந்த எண்ணெய், நாலு காலன் பிடிக்கும் சதுர டின்களில் சந்தைக்குச் சந்தை பரவியது. எண்ணெய் தீர்ந்த பிறகும் டின் வீணாகவில்லை: தண்ணீர் சுமக்கவும், தவசம் கொட்டிவைக்கவும், தகடாக விரித்துக் கூரையின் ஓட்டையை அடைக்கவும் உதவிற்று. ஆமணக்கெண்ணெய்ச் சுடரைவிட இதன் வெளிச்சம் பன்மடங்கு, ஆபத்தும் பன்மடங்கு. புட்டியில் திரி போட்ட சிம்னி விளக்கு உருண்டால் எண்ணெய் தரையில் ஓடி, ஓடிய வழியெல்லாம் நெருப்பு தொடரும். எரிகிற விளக்கில் எண்ணெய் ஊற்றப் போய்ச் சேலையில் பற்றிய சம்பவங்களும், குடிநீர்ப் புட்டியைப் போன்ற புட்டியில் வைத்த சீமெண்ணெயைக் குழந்தை குடித்துவிட்ட சம்பவங்களும் ஊருக்கு ஊர் உண்டு. வீட்டுப் பெண்களின் தலையில்தான் இந்தப் புதிய அபாயத்தின் பெரும்பாரம் விழுந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

அரிக்கேன் விளக்கு இந்த அபாயத்துக்கு மேல்நாட்டார் கண்ட பரிகாரம். ஹரிக்கேன், அதாவது சூறாவளி, என்ற பெயருக்கேற்பப் பெருங்காற்றில் அணையாமல் இருப்பதற்கென்றே செய்யப்பட்டது அது. இரண்டு பக்கமும் சட்டம்போல் எழும்பி நிற்பவை உண்மையில் காற்றுக் குழாய்கள். வெளிக்காற்று நேராகச் சுடரில் மோதாமல், அந்தக் குழாய்களின் வழியே அடக்கமாக இறங்கித் திரிக்குப் போய்ச் சேரும். பொழுது சாய்வதற்கு முன் அதைத் தயார் செய்வது பெரும்பாலும் பெண்பிள்ளைகளின் வேலை. கண்ணாடிக் குடுவையைக் கழற்றி, பழந்துணியில் அடுப்புச் சாம்பலைத் தொட்டு உள்ளே விட்டுச் சுழற்றிக் கரியைத் துடைக்க வேண்டும். திரியின் கருகிய முனையைக் கத்தரியால் நேராக நறுக்க வேண்டும். கோணலாக நறுக்கினால் சுடர் ஒரு பக்கம் எழும்பிக் குடுவையின் அந்த இடத்தை மாத்திரம் சுட்டு, மழைத்துளி பட்ட மாத்திரத்தில் கண்ணாடி விரிந்துவிடும். எண்ணெயை வெளிச்சம் இருக்கும்போதே ஊற்றி, வழிந்ததைத் துடைத்து, தீப்பெட்டியை ஈரம் படாத இடத்தில், இருட்டிலும் கை போய் எடுக்கக்கூடிய இடத்தில் வைக்க வேண்டும். தினந்தோறும் நடந்த இந்தச் சிறிய சடங்கின் காரணமாக, காற்று மழை திடீரென்று வந்தாலும் அதைச் சந்திக்க வீடு ஏற்கனவே தயாராக இருந்தது. இருட்டை எதிர்பார்த்தே வாழ்ந்தவர்களை இருட்டு திடுக்கிடச் செய்யவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தில், 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானபோது, சீமெண்ணெய்க்குப் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. பங்கீட்டில் கிடைத்த சொற்ப எண்ணெய் போதாமல், பரணில் கிடந்த அகல்கள் மறுபடியும் இறங்கின. கொட்டமுத்துக்கு மீண்டும் மதிப்பு வந்தது.

அதற்குள் மேட்டூரில் வேறொரு வெளிச்சம் பிறந்துவிட்டது. 1924ஆம் ஆண்டில் காவிரியில் வந்த மகா பிரவாகத்தின் நினைவு ஆறுமுன், 1925இல் மேட்டூர் அணையின் வேலை ஆரம்பமாகி, 1934 ஆகஸ்டு மாதத்தில் பூர்த்தியாகி, அப்போதைய சென்னை கவர்னரின் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று வழங்கப்பட்டது. அணையின் அடியில் அமைந்த மின்நிலையம் 1937இல் இயங்கத் தொடங்கியது. தலா 10,000 கிலோவாட் திறனுள்ள நான்கு யந்திரங்களில் கடைசியானது 1946இல் சேர்ந்தது. நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் இதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1932இல், வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. மேட்டூர்த் தண்ணீர் முதலில் டெல்டாப் பாசனத்துக்கு உரியது. ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை திறப்பது வழக்கமாகையால், மதகு மூடிய மாதங்களில் மின்சாரத்துக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. அதனால் மேட்டூரும் பைக்காராவும் ஈரோட்டில் கம்பியால் இணைக்கப்பட்டன. ஒரு ஊரின் விளக்கு இன்னொரு மலையின் தண்ணீரை நம்பி எரிவது என்ற புதிய ஏற்பாடு இந்தச் சமவெளிக்கு அப்போதுதான் அறிமுகமாயிற்று.

பட்டணங்களில் விநியோகத்தை ஆரம்பத்தில் தனியார் நடத்தினார்கள். சேலம்-ஈரோடு மின்சார விநியோகக் கம்பெனி என்ற பெயரை இன்றும் நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் உண்டு. 1957 ஜூலை 1ஆம் தேதி சென்னை ராஜ்ய மின்சார வாரியம் தோன்றிய பின், காமராஜர் ஆட்சிக் காலத்தில், கம்பி கிராமங்களுக்குள் வேகமாக நுழைந்தது. வீட்டு விளக்கைக் காட்டிலும் கிணற்று மோட்டாருக்கே நம் குடியானவர்கள் அதை அதிகமாக விரும்பினார்கள். மாடு பூட்டிக் கவலை இறைத்துக் கொண்டிருந்த கிணறுகளில் பம்புசெட்டுகள் ஏறின. மின்சார பம்புசெட்டுகளின் எண்ணிக்கையில் நம் ராஜ்யம் 1960களில் தேசத்திலேயே முன்னணியில் நின்றது. அதன் பயனாகச் சோற்றுக்கு நெல்லும், சந்தைக்குக் கரும்பும், சேகோ ஆலைகளுக்கு மரவள்ளியும் கிடைத்தன. தோட்டத்துக்குத் தோட்டம், தென்னைக்கும் வேம்புக்கும் இடையில், பனை உயரத்துக்குக் கீழே, ஆயிரக்கணக்கான மைல் கம்பி காற்றில் ஊசலாடத் தொடங்கியதும் அதன் பயனே.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் பழைய ஜாக்கிரதைகள் உதவாமல் போவது இங்கேதான். நெருப்பு தன்னை அறிவித்துக்கொள்ளும். புகையும் சூடும் வெளிச்சமும் அதன் முன்தூதர்கள். அறுந்து கிடக்கும் கம்பியில் அப்படி எந்த அறிகுறியும் இல்லை. கம்பி அறுந்தவுடன் டிரான்ஸ்பார்மரில் உள்ள பியூஸ் உருகி மின்சாரம் நின்றுவிடும் என்று பலர் மனப்பூர்வமாக நம்புகிறார்கள். ஈரம் கோத்த வயலில் விழுந்தால் ஒருவேளை அவ்வாறு நடக்கலாம். நம் பக்கத்துக் காய்ந்த செம்மண்ணிலும் சரளையிலும் தார்ச்சாலையிலும் வேலி முள்ளின் மேலும் விழுந்த கம்பியிலிருந்து பூமிக்குள் இறங்கும் மின்சாரம் பியூஸை உருக்கும் அளவுக்கு இருப்பதில்லை. கம்பி பொறி பறக்காமல், ஓசை எழுப்பாமல், முழு உயிரோடு கிடக்கும். ஊர் முழுவதும் இருட்டாக இருப்பதும் அத்தாட்சியாகாது. உயரழுத்தப் பாதையில் பழுது ஏற்பட்டுத் துணைமின்நிலையத்தில் மின்சாரம் நின்றால், பழுது தற்காலிகமானதா என்று பார்க்கச் சிறிது நேரத்தில் மறுபடி கொடுத்துப் பார்ப்பது முறை. ஐந்து நிமிஷத்துக்கு முன் செத்துக் கிடந்த கம்பி, நீங்கள் அதைத் தாண்டும் க்ஷணத்தில் உயிர் பெறலாம்.

கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியில் ஆட்டையும் மாட்டையும் கட்டுவது, வீட்டுக்கு மின்சாரம் வரும் இரும்புக் குழாயிலிருந்து துணி காயப்போடக் கம்பிக்கொடி இழுப்பது ஆகிய இரண்டு வழக்கங்களும் நம் கிராமங்களில் கொண்ட உயிர்கள் பல. காற்று மழையில் உறை கிழிந்த ஒயர் அந்தக் குழாயைத் தொட்டுவிட்டால், மறுநாள் காலை ஈரத் துணியோடு கொடியைத் தொடும் கைக்கு என்ன தெரியும்? சொற்ப விலை நைலான் கயிற்றால் தவிர்க்கக்கூடிய மரணம் இது. வீட்டு மெயின் போர்டில் கசிவு மின்சாரத்தைக் கண்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் கருவி, ஆர்.சி.டி. என்று எலெக்ட்ரீஷியன்கள் சொல்வது, பொருத்தியிருந்தால் வீட்டுக்குள் நேரும் விபத்துகளில் பெரும்பாலானவற்றைத் தடுத்துவிடலாம்; சுவருக்குப் பூசும் பெயின்டில் காட்டும் தாராளத்தை அதில் காட்டுவோர் சிலரே.

கடற்கரைப் புயலும் சமவெளிக்கு முற்றிலும் அந்நியம் அன்று என்பதைச் சமீப வருஷங்கள் காட்டின. 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது, ராஜ்யத்தின் பல ஜில்லாக்களிலிருந்தும் மின்வாரியத் தொழிலாளர்கள் டெல்டாவுக்குப் போய், இடுப்பளவு சேற்றில் கம்பம் நட்டார்கள். 2024 நவம்பர் 30ஆம் தேதி புதுச்சேரி அருகே கரையேறிய பெஞ்சல் புயலோ, கரையில் அடங்கிவிடாமல் மெல்ல மேற்கே நகர்ந்து வந்து, கிருஷ்ணகிரி ஜில்லாவின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது. அப்படி மெதுவாகப் பெய்து ஊறும் மழையில், மின்சாரத்தைக் காட்டிலும் பழைய மண்சுவர் அபாயமானது. முன்னோருக்கு மாடக்குழி கொடுத்துக் காத்த அதே சுவர், இரண்டு நாள் நனைந்தால் மூன்றாம் நாள் வெயில் அடிக்கும்போதும் விழும்; அதன் ஓரமாகப் படுக்கை போடக் கூடாது.

மின்சாரம் போனவுடன் எரிச்சலோடு அலுவலகத்துக்குப் போன் செய்கிற நாம், கம்பத்தில் ஏறுகிறவரை நினைப்பது குறைவு. அவர் துணைமின்நிலையத்தில் ‘எல்.சி.’ வாங்கி, அதாவது அந்தப் பாதையில் மின்சாரம் இல்லை என்ற உறுதிமொழியைப் பெற்று, சுவிட்சைத் திறந்து, கம்பியில் மின்சாரத்தைப் பூமிக்கு இறக்கும் எர்த் ராடு மாட்டிய பிறகே கையை வைக்க வேண்டும் என்பது விதி. அந்த உறுதிமொழியைப் பொய்யாக்கும் சக்தி, ஊரில் உள்ள ஏதேனும் ஒரு கோழிப்பண்ணைக்கோ விசைத்தறிக் கூடத்துக்கோ உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நாமக்கல் ஜில்லா 1997 ஜனவரி 1ஆம் தேதி சேலத்திலிருந்து பிரிந்தபோதே முட்டைக்குப் பெயர்பெற்ற ஜில்லா. முட்டைக் கோழிக்கு நாளொன்றுக்குச் சுமார் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும், தண்ணீர் இடைவிடாமல் வேண்டும். ஆகவே பண்ணைகளில் ஜெனரேட்டர் ஆடம்பரமன்று, அவசியம். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறி ஓட்டுபவர்களுக்கும் அப்படியே. ஆனால் அந்த ஜெனரேட்டரை ஊர் மின்சாரத்தோடு சேராமல் பிரித்துவைக்கும் முறையான சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு ஒயரிங்கோடு நேராக இணைத்தால், அதன் மின்சாரம் வந்த வழியே திரும்பி ஊர்க் கம்பிக்குப் போகும். அங்கிருந்து டிரான்ஸ்பார்மருக்குள் பின்பக்கமாக நுழையும். டிரான்ஸ்பார்மர் ஏணியைப் போன்றது, இறங்கும் வழியே ஏறும் வழி: 11,000 வோல்ட்டை 400 ஆக இறக்குகிற அதே சுருள்கள், எதிர்த்திசையில் வரும் 400ஐ 11,000 ஆக ஏற்றிவிடும். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால், எல்.சி. வாங்கிவிட்ட தைரியத்தில் கம்பத்தின் உச்சியில் இருக்கும் மனிதரை அது தாக்கும். அகல் விளக்குக் காலத்தில் ஒரு வீட்டின் கவனக்குறைவு தன் தெருவை எரித்தது. இன்று ஒரு வீட்டின் கவனக்குறைவு முகம் தெரியாத ஒருவரைக் கொல்கிறது.

ஜெனரேட்டருக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் புகையில் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. மழைச் சாரலுக்குப் பயந்து அதை வராந்தாவுக்குள்ளோ மூடிய அறைக்குள்ளோ இழுத்துவைத்து ஓட்டினால், தூங்குபவர் தூக்கத்திலேயே போய்விடுவார். கதவடைத்த அறையில் கரியடுப்பு வைப்பதும் இதே கதை.

காற்று நாளில் வீட்டுக்குள் செய்ய வேண்டியவை, யோசித்துப் பார்த்தால், பாட்டிமார் செய்தவையேதான், சாமான்கள்தாம் மாறியிருக்கின்றன. கருக்கல் கண்டவுடன் அவர்கள் அடுப்பை அவித்தார்கள், நாம் டி.வி., மோட்டார், ஏ.சி. ஆகியவற்றின் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், ஏனெனில் மின்சாரம் திரும்பி வரும்போது சில சமயம் அளவுக்கு மிஞ்சி வரும். அவர்கள் குடத்தை நிரப்பினார்கள். மோட்டார் ஓடாவிட்டால் குழாயில் தண்ணீர் வராது என்பதால் நாமும் நிரப்ப வேண்டும். அவர்கள் தீப்பெட்டியைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார்கள். நாம் டார்ச் விளக்கையும் சார்ஜ் ஏற்றிய கைப்பேசியையும் வைக்கலாம். மெழுகுவர்த்தி ஏற்றியே ஆக வேண்டுமென்றால் தட்டில் சிறிது தண்ணீர் ஊற்றி நடுவில் நிறுத்தி, திரைச்சீலைக்கும் கட்டிலுக்கும் தூரமாக வைத்து, படுக்கப் போகும்போது அணைத்துவிட வேண்டும். வீட்டுக்குள் வெள்ளம் வந்தால், மெயின் சுவிட்ச் உள்ள இடத்துக்குக் காய்ந்த தரையில் போக முடிந்தால் மட்டுமே அதை அணைக்கலாம். தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடுவது கூடாது. ஷாக் அடித்துக் கிடப்பவரைக் கையால் இழுக்காமல் முதலில் மெயினை அணைக்க வேண்டும்.

அறுந்த கம்பியைக் கண்டால், அது யார் தோட்டத்தில் கிடந்தாலும், யாரும் கிட்டப் போகாமல் தூரத்தில் ஒருவரை நிறுத்திவிட்டு, 2021ஆம் ஆண்டிலிருந்து இரவு பகலாக இயங்கும் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் தகவல் சொல்லுங்கள். ஜெனரேட்டர் வைத்திருக்கும் பண்ணைக்காரர்களும் தறிக்காரர்களும் அடுத்த சித்திரை வருவதற்கு முன் லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து, தங்கள் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் சரியாக வேலை செய்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.